நீச்சல் குளத்தில் பயன்படாத குழாய் லைன்களை என்ன செய்வது: அடையாளம் காண்பதிலிருந்து நிரந்தரமாக மூடுவது வரை

வீட்டு நீச்சல் குளம் கட்டிச் சில வருஷம் ஓடியதும், பம்ப் அருகே ஒரு வால்வாவது மூடியபடியே கிடக்கும். ரோபோ கிளீனர் வாங்கியதும், ஹோஸ் செருகி அடி அழுக்கை உறிஞ்ச வைத்த வேக்குவம் லைனுக்கு வேலையில்லாமல் போயிருக்கும். சோலார் பேனலைக் கழற்றியிருப்பார்கள், அதற்கான இரண்டு குழாய்கள் மட்டும் சுவரோரம் நிற்கும். அல்லது பழைய நீரூற்றின் லைன் எங்கே போகிறது என்றே யாருக்கும் தெரியாது. வால்வை மூடியாச்சு, அத்தோடு விஷயம் முடிந்தது என்று விட்டுவிடுவதுதான் வழக்கம்.

ஆனால் வால்வை மூடியதால் அந்தக் குழாய் காலியாகிவிடவில்லை. குளத்துப் பக்கத்து வாய் திறந்தே இருப்பதால் வால்வு வரைக்கும் தண்ணீர் நின்றுகொண்டிருக்கிறது. 2 இன்ச் குழாய் மீட்டருக்கு 2 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். 15 மீட்டர் லைன் என்றால் 30 லிட்டருக்கு மேல் தேங்கிய நீர், குளத்தோடு தொடர்பிலேயே இருக்கிறது. பயன்படாத லைனைப் பொறுத்தவரை என் கருத்து ஒன்றுதான்: அதில் அடிக்கடி நீரோட விடுங்கள், இல்லையென்றால் இரண்டு முனையையும் மூடுங்கள். ஒரு முனையை மட்டும் மூடிவிட்டு மறந்துபோவதில்தான் தொல்லை எல்லாம் தொடங்குகிறது.

தேங்கிய லைன் என்ன செய்யும்

தேங்கிய நீரில் குளோரின் விரைவில் தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு குழாயின் உட்சுவரில் வழவழப்பான ஒரு படலம் படிகிறது. அது நுண்ணுயிர்கள் தங்களைச் சுற்றித் தாங்களே கட்டிக்கொள்ளும் போர்வை. அதற்குள் குளோரின் எளிதாக இறங்காது. பம்ப் அருகே இருக்கும், நீரை ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் மூன்று வழி டைவர்ட்டர் வால்வுகளில் பல முழுக்க அடைப்பவை அல்ல, பழையதானால் கொஞ்சம் கசியும். அதனால் மூடிய லைனிலிருந்தும் துளித்துளியாக அந்த நீர் குளத்துக்கு வந்துகொண்டே இருக்கும். குளம் பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆனால் ராத்திரி போட்ட குளோரின் காலையில் காணாமல் போயிருக்கும். இதற்குக் காரணம் தேடுபவர்கள் வேலையில்லாத லைனைக் கடைசியில்தான் சந்தேகப்படுகிறார்கள்.

இரண்டாவது, கசிவு. மண்ணுக்குள் இருக்கும் குழாயில் விரிசல் விட்டால், பம்ப் பக்கம் வால்வு மூடியிருந்தாலும் குளத்து நீர் திறந்த வாய் வழியாக இறங்கி விரிசலில் வெளியேறும். பம்ப் ஓடினாலும் நின்றாலும் நீர்மட்டம் ஒரே வேகத்தில் குறைந்தால், இப்படிப்பட்ட லைனையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்கலாம். ஆவியாதலா கசிவா என்று பிரித்துப் பார்க்க வாளிச் சோதனை போதும். ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பிப் படியில், நீரில் பாதி மூழ்கும்படி வையுங்கள். உள்மட்டத்தையும் வெளிமட்டத்தையும் குறித்துக்கொண்டு 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். வாளிக்குள் குறைந்ததைவிடக் குளத்தில் அதிகம் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. மழை நாளில் இந்தச் சோதனை வேண்டாம்.

மூன்றாவது, காற்று. இது குளத்து நீரைப் பம்புக்கு இழுக்கும் உறிஞ்சும் லைன்களில் மட்டும் வருவது. வெடித்த ஓ-ரிங், தளர்ந்த வால்வு மூடி வழியாகப் பம்ப் காற்றை இழுக்கும். பம்பின் முன்னால் குப்பை பிடிக்கும் கூடையின் கண்ணாடி மூடிக்கு அடியில் குமிழிகள் ஓடிக்கொண்டே இருக்கும்.

முதலில் எந்த லைன் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும்

இதைச் செய்யாமல் ரம்பத்தைக் கையில் எடுக்கக் கூடாது. அதிக நேரம் இதற்கே போகும், போகட்டும்.

குளத்தைச் சுற்றி நடந்து சுவரில், தரையில், ஸ்கிம்மருக்குள் (மேல்நீரின் குப்பையை இழுக்கும் சுவர்ப் பெட்டிக்குள்) இருக்கும் ஒவ்வொரு வாயையும் காகிதத்தில் வரையுங்கள். அப்புறம் பம்ப் பக்கம் மண்ணிலிருந்து மேலே வரும் குழாய்களை எண்ணுங்கள். இரண்டு எண்ணும் அநேகமாக ஒத்துப்போகாது. காரணம், ஸ்கிம்மரும், குளத்தின் அடியில் இருக்கும் உறிஞ்சும் வாயான மெயின் டிரெய்னும் சில குளங்களில் மண்ணுக்குள்ளேயே இணைந்து ஒரே குழாயாக வரும். சிலவற்றில் மெயின் டிரெய்ன் ஸ்கிம்மரின் அடியில் உள்ள இரண்டு துளைகளில் ஒன்றில் வந்து முடியும். அந்த இரண்டில் பம்புக்குப் போவது பெரும்பாலும் குளத்திலிருந்து தள்ளியிருக்கும் பின்துளை. முன்துளை மெயின் டிரெய்னுக்கோ, நீர்மட்டம் இறங்கினால் பம்ப் காற்றிழுக்காமல் காக்கும் சமன்படுத்தும் குழாய்க்கோ போகும். சில ஸ்கிம்மர்களில் முன்துளையைக் கட்டும்போதே பிளக் போட்டு விட்டிருப்பார்கள். எனவே 'பெரும்பாலும்' என்பதை நம்பி வேலை செய்யாமல் சோதித்துப் பாருங்கள்.

நீரைக் குளத்துக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் லைன்களைச் சோதிப்பது சுலபம். பம்பை ஓடவிட்டு ஒரு வால்வைத் திறந்து மற்றதை மூடி, எந்த வாயில் நீர் தள்ளுகிறது என்று கையை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உறிஞ்சும் லைனில் கையை வைக்கவே கூடாது, ஏனென்று அடுத்த பகுதியில் சொல்கிறேன். அதற்குப் பதிலாக நீச்சல் குளச் சோதனைக்கான சாயத்தில் சில துளிகளை வாய்க்கு அருகே விட்டு, அது எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பாருங்கள்.

எதற்கும் பிடிபடாத லைன் இருந்தால், பம்பை நிறுத்திவிட்டு அதன் பம்ப் பக்க முனையிலிருந்து குறைந்த அழுத்தக் காற்றை மெல்ல விடுங்கள். குளத்தில் எங்கே குமிழி வருகிறதோ அதுதான் அதன் வாய். எங்குமே வரவில்லை என்றால் அந்த வாய் ஏற்கெனவே பூச்சுக்குள் புதைந்திருக்கலாம், அல்லது குழாய் நடுவில் உடைந்திருக்கலாம். தெரிந்ததும் உடனே குழாயில் அழியாத மையால் எழுதிவிடுங்கள். நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் மறந்துபோகும்.

மெயின் டிரெய்னும் உறிஞ்சும் வாய்களும்: இதைப் படிக்காமல் மேலே போக வேண்டாம்

உறிஞ்சும் வாய் ஒன்றை மூடினால், அதில் போய்க்கொண்டிருந்த இழுவை மீதமுள்ள வாய்களுக்குத் திரும்புகிறது. இரண்டு உறிஞ்சும் வாய்களில் ஒன்றை மூடினால் பம்பின் முழு இழுவையும் ஒற்றை வாயில் விழும். ஒரு குழந்தையின் முடியோ கையோ உடலோ அதில் ஒட்டிக்கொண்டால், பெரியவர் ஒருவர் முழுப் பலத்தோடு இழுத்தாலும் விடுவிக்க முடியாமல் போகலாம். 2002-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற 7 வயதுச் சிறுமி வெந்நீர்த் தொட்டியின் டிரெய்ன் இழுவையில் சிக்கி உயிரிழந்தாள். அவள் பெயரிலேயே 2007-ல் அங்கே ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. டிரெய்ன் மூடிகள் எப்படி இருக்க வேண்டும், ஒற்றை டிரெய்ன் இருந்தால் என்ன கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்பதையெல்லாம் அது பேசுகிறது. உங்கள் ஊரில் என்ன விதி இருந்தாலும் சரி, பின்வருவனவற்றை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

உடைந்த, தளர்ந்த, திருகாணி இல்லாத டிரெய்ன் மூடி இருக்கும் குளத்தில் யாரும் இறங்கக் கூடாது. சுவரில் இருக்கும் வேக்குவம் வாய்க்கு ஸ்பிரிங் வைத்த பாதுகாப்பு மூடி வேண்டும். ஹோஸ் செருகாதபோது அது தானாக மூடிக்கொள்ளும். வேக்குவம் லைனை இனி பயன்படுத்தப் போவதில்லை என்றால் அதை நிரந்தரமாக அடைப்பது நல்ல முடிவு, ஆபத்தான வாய் ஒன்று குறைகிறது. மெயின் டிரெய்ன் விஷயத்தில் நான் அவசரப்பட மாட்டேன். அடி நீரை மேலே கொண்டுவந்து கலக்குவதும், ஸ்கிம்மரின் இழுவைச் சுமையைப் பகிர்ந்துகொள்வதும் அதன் வேலை. அதோடு, பல குளங்களின் மெயின் டிரெய்னுக்குள் நிலத்தடி நீரழுத்தத்தை விடுவிக்கும் ஒரு சிறிய வால்வு இருக்கும். தெரியாமல் அதைச் சிமென்ட் போட்டு அடைத்துவிட்டால், பின்னொரு நாள் குளத்தைக் காலி செய்யும்போது நிலத்தடி நீர் குளத்தின் கூட்டையே மேலே தூக்கிவிடலாம். இந்த வேலைக்காகக் குளத்தைக் காலி செய்யவும் வேண்டாம், எல்லாவற்றையும் நீர் இருக்கும்போதே செய்யலாம்.

ஓட்டத்தின் கணக்கும் உண்டு. உறிஞ்சும் பக்கத்தில் நொடிக்கு 6 அடி வேகத்தை எல்லையாக வைத்தால், ஒன்றரை இன்ச் குழாய் நிமிடத்துக்குச் சுமார் 145 லிட்டரும், 2 இன்ச் குழாய் சுமார் 235 லிட்டரும் தரும். ஒரு லைனை மூடிய பிறகு மிஞ்சும் குழாய்களால் பம்பின் ஓட்டத்தைத் தர முடியாவிட்டால், பம்புக்குள் கூழாங்கல் உருளுவதுபோல் சத்தம் கேட்கும். வேகம் மாற்றக்கூடிய பம்ப் என்றால் வேகத்தைக் குறைத்துவிடலாம். இல்லையென்றால் அந்த லைனை மூடும் முடிவையே மறுபடி யோசிக்க வேண்டும்.

என்ன செய்யலாம் என்று முடிவெடுப்பது

லைன் நல்ல நிலையில் இருந்து, என்றைக்காவது தேவைப்படலாம் என்று தோன்றினால் அதில் நீரோட விடுவதே மேல். வாரத்தில் இரண்டு மூன்று முறை அரை மணி நேரம் வால்வைத் திறந்துவைத்தால் போதும், புது நீரும் குளோரினும் உள்ளே போய்வரும். செலவில்லாத வழி இது. ஆனால் தவறாமல் செய்ய ஆள் வேண்டும். செய்ய மாட்டோம் என்று உங்களுக்கே தெரிந்தால் இந்த வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

வேண்டாம், ஆனால் பிறகு யோசிக்கலாம் என்றால் இரு முனையிலும் கழற்றக்கூடிய மூடி. கசிகிற லைன், இனி ஒருபோதும் வேண்டாத லைன் என்றால் நிரந்தர அடைப்பு. கசிகிற லைனைத் தற்காலிக ரப்பர் பிளக்கோடு வருஷக்கணக்கில் விடுவதை நான் ஏற்க மாட்டேன். அந்த ரப்பர் விட்டுக்கொடுக்கும் நாளில் அடிமண் அரித்துப் போயிருக்கும்.

மூடும் முன் சுத்தம்

அழுக்கை உள்ளே வைத்து மூடினால், பிறகு திறக்கும்போது அது அப்படியே குளத்துக்குள் வரும். வெளியேற்றும் வழி இருந்தால் அந்த லைனின் முதல் நீரை ஃபில்டர் வால்வில் 'வேஸ்ட்' நிலைக்குத் திருப்பி வெளியே விடுங்கள். முதலில் வருவதை ஒரு வெள்ளை வாளியில் பிடித்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் கலங்கி, முட்டை அழுகின வாடையோடு, கிழிந்த தாள் போன்ற கருந்துணுக்குகள் சுழன்று வந்தால் அது பல காலம் தேங்கிய லைன். நிறமும் வாடையும் போகும்வரை ஓடவிடுங்கள். குளத்து மட்டம் ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் குளத்தின் குளோரினை அதிர்ச்சி அளவுக்கு, அதாவது பொருள் உறையில் சொன்னபடி உயர்த்தி, அந்த லைனின் வால்வைத் திறந்து ஒரு ராத்திரி முழுக்கச் சுற்ற விடுங்கள். மாலையில் அளந்த குளோரினும் காலையில் அளந்ததும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் படலம் போய்விட்டது. இல்லையென்றால் திரும்பச் செய்யுங்கள். யாரும் இறங்குவதற்கு முன் குளோரின் வழக்கமான அளவுக்கு வர வேண்டும், பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

குளத்துப் பக்கத்து மூடி

பம்பை நிறுத்தி, மின்சாரத்தை பிரேக்கரிலேயே துண்டியுங்கள். டைமரை நம்பாதீர்கள். ஒருவர் நீருக்குள் இருக்கும்போது பம்ப் தானாக ஓடத் தொடங்குவதுதான் இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான நிமிடம். ஃபில்டர் தலையிலுள்ள காற்று வால்வைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள்.

வாயில் மரை இருக்கிறதா பாருங்கள். ரிட்டர்ன் வாயில் நீர் பாயும் திசையைத் திருப்பும் கண்ணைக் கழற்றினால் உள்ளே ஒன்றரை இன்ச் மரை இருப்பது வழக்கம். மரை இருந்தால் ஓ-ரிங் உள்ள பிளாஸ்டிக் மரை பிளக்தான் சிறந்தது. மரையில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்புப் படிவை நைலான் பிரஷால் நன்றாகத் தேய்த்து எடுங்கள். ஓ-ரிங்குக்குச் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். பெட்ரோலிய ஜெல்லி வேண்டாம், ரப்பரை அது உப்ப வைத்துக் கெடுத்துவிடும். முதல் இரண்டு சுற்று விரல் நுனியால் இலகுவாகப் போக வேண்டும். அதிலேயே இறுகினால் மரை கோணலாக ஏறியிருக்கிறது, திருப்பி எடுத்து மறுபடி தொடங்குங்கள். கையால் இறுகியதும் கால் சுற்று கூடுதல் போதும். குளத்து ஃபிட்டிங்கில் விரிசல் விழுந்தால் அதை மாற்ற சுவரையே உடைக்க வேண்டியிருக்கும்.

மரை இல்லாத வாய்க்கு ரப்பர் விரிவு பிளக். நடுவில் இருக்கும் சிறகு நட்டைத் திருகத் திருக இரண்டு தட்டுகளுக்கு நடுவில் ரப்பர் பிதுங்கிக் குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். பிளக்கை முழுவதும் உள்ளே தள்ளிவிட்டுத் திருகுங்கள். ரப்பரின் விளிம்பு வெளியே துருத்தினால் பிடிப்பு பாதிதான். நட்டும் தட்டும் துருப்பிடிக்காத எஃகாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். சாதாரண இரும்பு துருப்பிடித்துப் பூச்சில் பழுப்புக் கறை படிந்தால் போக்குவது கடினம். 2 மீட்டர் ஆழத்தில் 2 இன்ச் பிளக்கின் மேல் நீரின் தள்ளுதல் 4 கிலோ அளவுதான், அதைப் பிளக் தாங்கும். பம்பின் இழுவை வேறு. உறிஞ்சும் லைனில் பம்ப் பக்கம் வால்வு திறந்துவிட்டால், பிளக்கை அது குழாய்க்குள்ளேயே இழுத்துப்போகும். ஆகையால் உறிஞ்சும் லைனுக்குக் குளத்துப் பக்கம் மட்டும் பிளக் போட்டு விட்டுவிடக் கூடாது.

அழுத்தச் சோதனை

லைன் உடைந்திருக்கிறதா என்று தெரியாமல் நிரந்தரமாக மூடுவது சரியல்ல. உடைந்திருந்தால் இரண்டு முனையையும் மூடுவதோடு, அரித்த மண் எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

குளத்துப் பக்கம் பிளக், பம்ப் பக்கம் அழுத்தமானி பொருத்திய சோதனை பிளக். தோட்டத்து ஹோஸால் லைனை நீரால் நிரப்பி, உள்ளே இருக்கும் காற்றை முதலில் வெளியேற்றுங்கள். காற்று மிஞ்சினால் அது நசுங்கி நசுங்கி முள்ளை ஏமாற்றும். மெல்ல 15 முதல் 20 பிஎஸ்ஐ (அழுத்தமானியில் காட்டும் அழுத்த அளவு) வரை ஏற்றி அடைத்துவிட்டு, அரை மணி நேரம் பாருங்கள். முள் அசையாமல் நின்றால் லைன் நலம். மெதுவாக இறங்கினால் முதலில் இரண்டு பிளக்கையும் சந்தேகப்படுங்கள், அவற்றைத் திருப்பிப் பொருத்தி மறுபடி செய்யுங்கள். விறுவிறுவென்று இறங்கினால் குழாயில்தான் ஓட்டை.

இந்தச் சோதனையை அழுத்தக் காற்றை வைத்துச் செய்ய வேண்டாம். 20 பிஎஸ்ஐ-யில் 2 இன்ச் பிளக்கைத் தள்ளும் விசை 30 கிலோ அளவு. நீராக இருந்தால் பிளக் கழன்றதும் அழுத்தம் அப்போதே விழுந்துவிடும். காற்றாக இருந்தால் பிளக் குண்டுபோல் பறக்கும். நீரில் செய்தாலும் பிளக்குக்கு நேர் எதிரே நிற்காதீர்கள்.

பம்ப் பக்கம் வெட்டி மூடுவது

வெட்டுவதற்கு முன் ஒரே கேள்வி: குழாயை வெட்டும் இடம் குளத்து நீர்மட்டத்துக்கு மேலா கீழா? கீழே என்றால், குளத்துப் பிளக் சரியில்லாத பட்சத்தில் வெட்டிய இடத்தில் குளம் கொட்டத் தொடங்கும். முதலில் சிறு துளை போட்டோ, இணைப்பைக் கொஞ்சம் தளர்த்தியோ பாருங்கள். சிறிது நீர் வந்து நின்றுவிட்டால் அது குழாயில் இருந்த நீர். நிற்காமல் வந்தால் பிளக்கைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

வால்வுக்கும் மண்ணுக்கும் நடுவில், இன்னொரு கப்ளிங் ஒட்டும் அளவுக்கு நேர்க்குழாய் மிஞ்சும்படி வெட்டுங்கள். பின்னால் யாராவது இந்த லைனை மீட்க விரும்பினால் அந்தக் கொஞ்ச நீளம்தான் அவர்களைக் காப்பாற்றும். வெட்டு நேராக இருக்கட்டும், உள்ளேயும் வெளியேயும் பிசிறைச் சீவிவிடுங்கள். பிரைமர், அதன்மேல் சால்வென்ட் சிமென்ட் என்ற குழாய்ப் பசை, முனையை மூடும் எண்ட் கேப்பைக் கால் சுற்றுத் திருப்பி முழுக்க உள்ளே தள்ளி அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உடனே விட்டால் கேப் மெல்லப் பின்னால் நழுவும். ஈரக் குழாயில் பசை பிடிக்காது, துளி வடிந்தாலும் ஒட்டு கெடும். காயும் நேரம் குழாயின் அளவையும் குளிரையும் பொறுத்தது, டப்பாவில் இருக்கும் அட்டவணையைப் பாருங்கள்.

வால்வின் பக்கமும் ஒரு திறந்த வாய் இருக்கும், அதையும் கேப் போட்டு மூட வேண்டும். உறிஞ்சும் பக்கம் என்றால் அங்கே ஒரு நூலளவு இடைவெளி இருந்தாலும் பம்ப் காற்றிழுக்கும்.

நிரந்தரம் என்று முடிவானால் குளத்துப் பக்கத்து வாயையும் பிளக்குக்கு மேல் நீருக்கடியில் இறுகும் எபாக்ஸிப் பசையால் நிரப்பிப் பூச்சோடு சமமாக்கிவிடலாம். கான்கிரீட் குளத்துக்கு இது சரி. வினைல் லைனர் குளத்தில் ஃபிட்டிங்கின் வளையத்தைக் கழற்றாதீர்கள், லைனரை நீர் புகாமல் பிடித்துக்கொண்டிருப்பதே அதுதான். அங்கே மரை பிளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சில தனி வகைகள்

சோலார் லைனில் போக, வர என்று இரண்டு குழாய். இரண்டையும் மூட வேண்டும். மோட்டார் வைத்த வால்வு இருந்தால் அதன் கட்டுப்பாட்டையும் துண்டியுங்கள், இல்லையென்றால் அது ஒருநாள் தானாகத் திரும்பி மூடிய குழாய்க்குள் நீரைத் தள்ளும். கூடுதல் அழுத்தத்துக்காக வைத்த பூஸ்டர் பம்பைக் கழற்றினால், அதற்கு நீர் கொடுத்த T வடிவ டீ இணைப்பையும் சேர்த்து மூடுங்கள். வெந்நீர்த் தொட்டிக்குக் காற்றூதும் லைன் நீர்மட்டத்துக்கு மேல் வளைந்து போகும். அந்த வளைவுக்குக் கீழே வெட்டினால் நீர் வந்துவிடும்.

நீர் உறையும் குளிர் உள்ள இடத்தில், மூடிய லைனில் நீர் இருக்கக் கூடாது. காற்றால் ஊதி வெளியேற்றி, குளத்துக்கென்றே விற்கும் புரோபிலீன் கிளைக்கால் உறையெதிர்ப்பானைக் கொஞ்சம் விட்டுவிட்டு மூடுங்கள். வண்டிகளுக்கான எத்திலீன் கிளைக்கால் விஷம், அது குளத்துப் பக்கமே வரக் கூடாது.

மூடிய பிறகு

பம்பை ஓடவிட்டுக் கூடையில் குமிழி வருகிறதா பாருங்கள். ரிட்டர்ன் ஒன்றை மூடியிருந்தால் ஃபில்டர் அழுத்தமானி முன்பைவிடச் சற்று உயரக் காட்டும். சுத்தமான ஃபில்டரில் வரும் அந்தப் புது எண்ணைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறும்போது ஃபில்டரைக் கழுவுங்கள். வாளிச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். ரப்பர் பிளக் போட்டிருந்தால் வருஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். விரல் நகம் பதியாத அளவுக்கு ரப்பர் கெட்டியாகியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பிற்பாடு இந்த லைனைத் திறக்க நேர்ந்தால் குளத்துப் பிளக்கை முதலில் கழற்றாதீர்கள். காலிக் குழாயின் வாய் திறந்ததும் குளத்து நீர் வேகமாக உள்ளே பாயும், கை இழுபடும். பம்ப் பக்கத்திலிருந்து ஹோஸால் லைனை நிரப்பி, அந்த முனையை மூடிவிட்டு, அதன் பிறகு நீருக்குள் இறங்கிப் பிளக்கை எடுங்கள்.